திருச்சி–பலாலி 184 கிலோமீட்டர்தானே, எதற்கு ஒரு மணி நேரம்?

தஞ்சாவூர்க்காரன்:
மகளைக் கட்டிக்கொடுத்தது யாழ்ப்பாணத்தில். பேத்தி பிறந்து முப்பத்தொன்றாம் நாள் சடங்கு வருகிறது. அம்மாவைக் கூட்டிப் போக வேண்டும், வயது 76, இரண்டு முழங்காலும் தகராறு. கல்யாணத்துக்குக் கொழும்பு வழியாகப் போனோம். கட்டுநாயக்காவில் இறங்கி இரவு பஸ்ஸில் எட்டு மணி நேரம். அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

2025 மார்ச் முதல் திருச்சியிலிருந்தே பலாலிக்கு, அதாவது யாழ்ப்பாண விமான நிலையத்துக்கு, விமானம் இருக்கிறதே என்று நேர்கோட்டில் அளந்து பார்த்தேன். சுமார் 184 கி.மீ. வானத்தில் கோயம்புத்தூரும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் டிக்கெட்டில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். இரண்டு நாட்டுக்கும் ஒரே கடிகாரம், அதனால் நேர வித்தியாசமும் இல்லை. சுற்றிக்கொண்டு போகிறதா? "பஸ் மாதிரி நின்னு நின்னு போகுமாடா" என்கிறாள் அம்மா.

பழைய ரேம்ப் ஆள்:
சுற்றவில்லை சார். டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை. இங்கே நிற்கும் இடத்திலிருந்து நகர்ந்தது முதல் அங்கே போய் நிற்கும் வரை எல்லாம் சேர்த்தது. போவது ஏடிஆர், விசிறி வைத்த விமானம், மணிக்கு 500 கி.மீ. போகும். அந்தக் கணக்கில் 22 நிமிடம். ஆனால் இவ்வளவு கிட்டத்தில் அந்த வேகத்தைப் பிடித்து நிதானிப்பதற்குள் இறக்க ஆரம்பித்துவிடுவார்கள். சென்னை–பலாலி சுமார் 355 கி.மீ., இதைப் போல இரண்டு மடங்கு. ஆனால் நேரம் இரண்டு மடங்கு ஆகாது, அரை மணிக்குள்தான் கூடும். ஓடுபாதைக்குப் போவது, ஏறுவது, இறங்குவது இரண்டுக்கும் பொதுதானே.

உரும்பிராய்ப் பெடியன்:
வணக்கம் ஐயா. நான் அதிலே வந்தனான். பின்கதவாலேதான் ஏற வேணும், முன்னுக்குச் சாமான் வைக்கிற இடம். கதவோடேயே நாலைந்து படி இருக்கு, அம்மாவுக்குப் பெரிய ஏற்றமில்லை. எண்டாலும் சக்கர நாற்காலிக்கு முதலே சொல்லி வையுங்கோ. இடப்பக்கச் சன்னல் கேளுங்கோ. கடலுக்கு மேலே வந்ததும் கோடியக்கரை முனை தெரியும். பலாலியிலிருந்து யாழ் டவுனுக்கு 16 கி.மீ. அளவு, ஓட்டோ கிடைக்கும்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் ஓடுது. நாலு மணி நேரம், முழங்காலுக்கு வேண்டாம்.

தஞ்சாவூர்க்காரன்:
நன்றி தம்பி. அப்போ வீட்டிலிருந்து திருச்சிக்கு ஒன்றரை மணி, மூன்று மணி நேரம் முன்னாடி போய் உட்காருவது, விமானத்துக்குள் ஒரு மணி. உட்காருவதுதான் பெரிய பயணம் போல. சரி, ஒரு சின்ன விஷயம். அம்மா முறுக்கு டின் ஒன்று கொண்டுவருகிறாள். லக்கேஜில் போட்டால் நொறுங்கிவிடுமே?

உரும்பிராய்ப் பெடியன்:
கையிலேயே கொண்டு வாங்கோ ஐயா. மேல்தட்டு சின்னது, டின் நுழையாது. முன்சீட்டுக்குக் கீழே தள்ளலாம்.