புதுப்பிப்பு: லண்டனிலிருந்து பரி செயின்ட் எட்மண்ட்ஸ், ஒரே நாளில்

கிழக்கு இங்கிலாந்தில் இருக்கும் பழைய ஊரான பரி செயின்ட் எட்மண்ட்ஸுக்கு லண்டனிலிருந்து இரண்டு பேர் ரயிலில் காலையில் போய் இரவுக்குள் திரும்ப முடியுமா, இப்ஸ்விச் வழியா கேம்பிரிட்ஜ் வழியா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம்.

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ஏறிக் கேம்பிரிட்ஜில் மாறும் யோசனைதான் பலித்தது. சனிக்கிழமை போகச் சொன்னவருக்குத் தனி நன்றி. சந்தை புதனும் சனியும்தான். தவிர, இருவர் சேர்ந்து பயணிப்பதற்கான சலுகை ரயில் அட்டை வார நாட்களில் காலை 9.30 மணிக்கு முன் செல்லாது; வார இறுதியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

நிலையத்திலிருந்து மடாலய வாயிலுக்கு நடந்தே போகலாம், கால் மணி நேரம். 1539-இல் கலைக்கப்பட்ட மடாலயத்தின் இடிபாடுகள் இப்போது பூங்காவுக்குள் இருக்கின்றன, கட்டணமில்லை. நான் எதிர்பாராதது, அதன் மேற்கு முகப்புச் சுவருக்குள்ளேயே வீடுகள் கட்டியிருந்ததுதான். பாதி உடைந்த வளைவுக்குள் வெள்ளைச் சட்டமிட்ட ஜன்னல்! அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டேன். பிரிட்டனிலேயே மிகச் சிறியது என்று சொல்லப்படும் 'நட்ஷெல்' மதுக்கடை நிஜமாகவே நம் வீட்டுச் சமையலறை அளவுதான். எட்டிப் பார்த்ததோடு சரி.

திரும்பும்போது ஒரு தவறு செய்தேன். மேற்கே போகும் ரயிலெல்லாம் கேம்பிரிட்ஜுக்குப் போவதில்லை. சில ஈலி வழியாகப் பீட்டர்பரோவுக்குப் போகின்றன. பலகையைப் படிக்காமல் ஏறி, ஈலியில் இறங்கி, வேறு ரயில் பிடித்தோம். ஒரு மணி நேரம் தாமதம்.