புதுப்பிப்பு: வாசகர் வட்ட வாக்கெடுப்பை மாற்றி வைத்தேன்

எங்கள் வாசகர் வட்டம் எப்போது கூடுவது என்ற வாக்கெடுப்பில் முதலில் வாக்களித்தவர் பக்கமே எல்லோரும் சாய்கிறார்களே என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டது. வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது குழுவுக்கே தெரியும். மூத்தவர்கள் தொட்டதை மற்றவர்கள் மறுக்கத் தயங்கினார்கள்.

டெலிகிராமில் பெயர் தெரியாதபடி மறுபடி வைத்தேன். "ஞாயிறு காலை வசதிதானே?" என்ற கேள்வியே பதிலை ஊட்டிவிடுகிறது. அதனால் "எந்த நேரம் ஒத்துவரும்?" என்று மாற்றி, "எதுவும் ஒத்துவராது" என்பதையும் சேர்த்தேன். சனி மாலை வென்றது! ஞாயிறு காலை சமையல் வேலையில் இருப்பவர்கள் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை.

அப்புறம், டெலிகிராம் இல்லாத ஆறு பேரைத் தொலைபேசியில் கேட்டேன். 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வாங்கியும், கடைசியில் தோற்ற வேட்பாளர் லேண்டன்தான் வெல்வார் என்றது. அந்தக் கணிப்பில் விடுபட்டவர்கள் பலர் வேறு பக்கம் இருந்தார்கள். விடுபட்டவர்களைத் தேடிப்போவது அவ்வளவு முக்கியம். அந்த ஆறு பேரில் நால்வருக்குச் சனிதான் சரி. வரும் சனி ஐந்து மணிக்குக் கூடுகிறோம்.