வெள்ளச் சேதத்தை 39 நாள் கழித்துச் சொன்னதால் கிளைம் மறுப்பு. வழி இருக்கிறதா?

தையல்கடை: பள்ளிக்கரணையில் சின்னத் தையல் கடை நடத்துகிறேன். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் மழையில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். 3 மோட்டார் மெஷின், 1 ஓவர்லாக், தைக்க வந்த துணி எல்லாம் போய்விட்டது. கடை லோனுக்காக வங்கியே எடுத்த பாலிசி இது. பிரீமியத்தை என் கணக்கில் பிடிப்பார்கள், பாலிசிக் காகிதத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 11-ஆம் தேதி வங்கி மேலாளருக்குப் போட்டோவோடு மெயில் போட்டேன். அவர்களே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுவார்கள் என்று நம்பிவிட்டேன். ஜனவரி 12 அன்றுதான் கம்பெனிக்கு நேரடியாகச் சொன்னேன். இப்போது "தாமதம், நிபந்தனை மீறல்" என்று கடிதம் வந்திருக்கிறது. நாற்றம் தாங்காமல் துணியைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். மெஷின்கள் மட்டும் இருக்கின்றன.

ஓய்வுபெற்ற சர்வேயர்: அம்மா, இன்சூரன்ஸ் சேதத்தை மதிப்பிடும் வேலை பார்த்தவன் நான். அந்த மெஷின்களை விற்றுவிடாதீர்கள், ரிப்பேருக்கும் கொடுக்காதீர்கள். வெள்ளச் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் தீ விபத்துப் பாலிசிகளில் வழக்கமாக இரண்டு கெடு இருக்கும். சேதம் நடந்தவுடன் தகவல் சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் எழுத்தில் கிளைம் கொடுக்க வேண்டும். கம்பெனி எழுத்தில் அவகாசம் தந்தால் அந்த 15 நாள் நீளும். இந்தக் கெடு வெறும் சம்பிரதாயம் இல்லை. தண்ணீர்க் கறை சுவரில் இருக்கும்போதே பார்த்தால்தான் மட்டம் எவ்வளவு, மோட்டாருக்குள் சேறு போனதா என்று எங்களால் எழுத முடியும். வங்கிக்குச் சொன்னது கம்பெனிக்குச் சொன்னதாகாது. ஆனால் 7-ஆம் நாளே சேதத்தை எழுதியிருக்கிறீர்கள் என்பதற்கு அந்த மெயில் நல்ல சாட்சி. அப்புறம், தைக்க வந்த துணி அடுத்தவர் பொருள். பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டிருந்தால்தான் அதற்குப் பணம் வரும்.

நுகர்வோர் வழக்கறிஞர்: தாமதம் ஒன்றையே காரணம் காட்டி உண்மையான கிளைமை இயந்திரத்தனமாக மறுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான ஐஆர்டிஏ 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 2017-இல் ஓம் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அது லாரி திருட்டு வழக்கு, தாமதத்துக்கான காரணத்தை அவர் திருப்தியாக விளக்கியிருந்தார். மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018 சோனெல் கிளாக்ஸ் வழக்கு உங்களுடையதைப் போலவே வெள்ளச் சேதம். ஏறத்தாழ 4 மாதம் கழித்துச் சொன்னார்கள், கம்பெனி மறுத்தது சரிதான் என்று தீர்ப்பானது. ஆகவே உங்கள் காரணம்தான் இங்கே எல்லாம். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குத் தேதிவாரியாக எழுதுங்கள். மறுபடி மறுத்தாலோ ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.

தையல்கடை: ரொம்ப நன்றி ஐயா, சார். பாலிசி நகல் கேட்டு இன்று காலை வங்கியில் எழுதிக் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்கிவிட்டேன். சுவரில் கறை இன்னும் இருக்கிறது, வெள்ளையடிக்கவில்லை. அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுத்தால் போதுமா?

ஓய்வுபெற்ற சர்வேயர்: போதும். ஒவ்வொரு மெஷினின் சீரியல் நம்பரும் தெரியும்படி எடுங்கள். வாங்கிய பில் தொலைந்திருந்தால் விற்ற கடையில் நகல் கேளுங்கள்.