புதுப்பிப்பு: பத்து நிமிடத்தில் நின்றுவிடும் மொரிஸ் மைனர்

என் 1963 மொரிஸ் மைனர் கார் பத்து நிமிடம் ஓடியதும் ஏன் நின்றுவிடுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் காபரேட்டரைச் சொன்னீர்கள். கழற்றிக் கழுவியும் பயனில்லை.

எங்கள் பழைய கார்க் கழகத்து மூத்த அண்ணர் ஒருவர் ஞாயிறன்று வந்தார். வண்டி நின்ற கையோடு சாவியைத் திருப்பச் சொல்லி, பொனட்டுக்குள் காதை வைத்தார். "தம்பி, பம்ப் அடிக்கவே இல்லையே!"

எஸ்.யூ. என்ற கம்பனியின் மின்சாரப் பெட்ரோல் பம்ப் அது. உள்ளே பொயின்ட், அதாவது மின்சாரத்தை இணைத்து விலக்கும் முனைகள், தொட்டதும் காந்தம் டயபிரம் என்ற சவ்வை இழுக்கும், விலகியதும் சுருள்வில் தள்ளும். மூடியைத் திறந்தால் பொயின்ட் கருகிக் கிடந்தது. மெல்லிய எமரித் தாளால் தேய்த்தோம். டிக், டிக், டிக். காபரேட்டர் நிரம்பியதும் சத்தம் தானாக அடங்கியது. அந்த அமைதியைக் கேட்க எவ்வளவு சுகம்!

அப்புறம் புதுப் பொயின்ட் போட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி போய்வந்தேன். எங்கும் நிற்கவில்லை.

திரும்பி வந்து முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தால் கீழ் ட்ரனியனில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் மரையால் பொருந்தும் மூட்டில், ஆட்டம். மைனர் வைத்திருப்பவர்களே, இதைத் தள்ளிப்போடாதீர்கள். கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும். இடம், வலம் பார்த்து வாங்குங்கள். மரை எதிரெதிர்த் திசை. எனக்கு இடப்பக்கத்தது இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை வண்டி கொட்டகையில்தான்.