ஏசிஎல் ஆபரேஷன் முடிஞ்சு 5 வாரம்: முட்டி மடங்குது, முழுசா நீட்ட முடியல

அல்சூர்_அக்கா:
தம்பிக்கு 26 வயசு. டர்ஃபில் ஃபுட்பால் ஆடும்போது வலது கால் ஏசிஎல் (முட்டிக்குள்ள எலும்புகளைப் பிணைக்குற நார்) முழுசா கிழிஞ்சு, அதே காலோட ஹாம்ஸ்ட்ரிங்கில் (தொடையோட பின் தசை) இருந்து நார் எடுத்து, கிழிஞ்சதுக்குப் பதிலா கிராஃப்ட்டா வச்சிருக்காங்க. மெனிஸ்கஸில் (முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்குற குருத்தெலும்பு) தையல் இல்ல. மடக்குறது 115 டிகிரி வருது. நீட்டுறதுதான் 8 டிகிரி போல பாக்கி நிக்குது, நடக்கும்போதும் முட்டி லேசா மடிஞ்சே இருக்கு. கிளினிக்கில் மடக்க வைக்குறதுலயே நேரம் போகுது, நீட்டுறது தானா வந்துடும்னு சொல்றாங்க. வருமா? ராத்திரி முட்டிக்குக் கீழ தலையணை இல்லாம தூக்கம் வரலங்கறான். வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வேலை பெங்களூரு வைட்ஃபீல்டுல. அடுத்த வாரம் ஸ்கூட்டர் எடுக்கட்டுமான்னு கேக்குறான்.

ஜெயநகர்_பிசியோ:
தானா வராதுங்க. முதல்ல அந்தத் தலையணையை எடுத்துடுங்க. அது தர்ற சுகமே முட்டியை மடிஞ்ச நிலையில இறுக வைக்குது.

மடக்குறது கொஞ்சம் தாமதமானா பின்னாடி பிடிச்சுக்கலாம். நீட்டுறது அப்படி இல்ல. முட்டி முழுசா நீளாம இருக்க இருக்க, உள்ள கிராஃப்டுக்கு முன்னாடி இருக்குற இடத்துல தழும்புத் திசு வளர்ந்து அடைச்சுக்கும். மடிஞ்ச முட்டியோட நடந்தா தொடையோட முன் தசையான குவாட்ஸ் ஓயாம வேலை செஞ்சு, முட்டிச்சில்லுக்குப் பின்னாடி வலி ஆரம்பிக்கும். 5 வாரத்துல அந்தக் கால் மறு கால் அளவுக்கு நீண்டிருக்கணும். 0 டிகிரியை, அதாவது நேர்கோடா நிக்குறதை, இலக்கா வைக்காதீங்க. பலருக்கு நல்ல முட்டி 0-வையும் தாண்டிக் கொஞ்சம் பின்னாடி வளையும், அதுதான் அவருக்கான அளவு.

வீட்டுலயே அளக்கலாம். கட்டில்ல குப்புறப் படுத்து, முட்டிச்சில்லு ரெண்டும் விளிம்புக்குச் சற்று வெளிய இருக்குற மாதிரி கால்களைத் தொங்க விடச் சொல்லுங்க. ரெண்டு குதிகாலுக்கும் உயரத்துல எவ்வளவு வித்தியாசம்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க. 1 செ.மீ. ஏறக்குறைய 1 டிகிரி. வாரம் ஒருமுறை எழுதி வைங்க.

பயிற்சி: மல்லாந்து படுத்து, குதிகாலுக்குக் கீழ மட்டும் சுருட்டின டவல். முட்டிக்குக் கீழ ஒண்ணும் இருக்கக் கூடாது. 10 நிமிஷம், நாளைக்கு 5 தடவை. 2 நாள் பழகினதும் முட்டிக்குச் சற்று மேல தொடையில 1 கிலோ பருப்பு பாக்கெட் வைக்கலாம். வேகமா அழுத்துறதால பலன் இல்ல, லேசான பாரம் ரொம்ப நேரம் இருக்கணும். முடிஞ்ச உடனே, அதே நிலையில குவாட்ஸை இறுக்கி முட்டியைப் படுக்கையை நோக்கி அழுத்தி 10 வினாடி, 10 முறை. இதை விட்டுட்டா கிடைச்ச டிகிரி சாயங்காலத்துக்குள்ள போயிடும், ஏன்னா அந்த நீட்டத்தைப் பிடிச்சு வைக்கப் போறது குவாட்ஸ்தான். காலை நேரா தூக்கும்போது முட்டி தொய்ஞ்சா, அந்தப் பயிற்சியை இப்போதைக்கு நிறுத்தி இறுக்குறதை மட்டும் செய்யட்டும்.

வீக்கம் இருக்கான்னு கட்டாயம் பாருங்க. முட்டிக்குள்ள கொஞ்சம் நீர் இருந்தாலும் மூளை குவாட்ஸை அடக்கி வச்சுடும், எவ்வளவு முயற்சி பண்ணாலும் தசை எழும்பாது. முட்டிச்சில்லு நடுவுல டேப் வச்சு அளந்து, பயிற்சிக்கு மறுநாள் காலையில 1 செ.மீ. கூடியிருந்தா முந்தின நாள் செஞ்சது அதிகம்னு அர்த்தம். அன்னைக்குப் பாதியா குறைங்க. ஐஸ் வச்சா துணி சுத்தி 15 நிமிஷம்.

அல்சூர்_அக்கா:
ரொம்ப நன்றிங்க. டவல் வச்சா முட்டிக்குப் பின்னாடி இழுக்குதுங்கறான். தாங்கிக்கணுமா?

ஜெயநகர்_பிசியோ:
பின்னாடி இழுக்குறது சரி, எடுத்ததும் சில நிமிஷத்துல அடங்கணும். முன்பக்கம் நடுவுல ஏதோ நசுங்குற மாதிரி குத்தினாலோ, கடைசி சில டிகிரியில 'டக்'னு தட்டி நின்னாலோ சொல்லுங்க. சைக்ளாப்ஸ்னு ஒரு தழும்புக் கட்டி இப்படித்தான் காட்டிக் கொடுக்கும். அதைப் பயிற்சியால கரைக்க முடியாது, எம்ஆர்ஐ பார்த்து ஆர்த்ராஸ்கோபியில (சின்னத் துளை வழியா கேமரா விட்டுச் செய்யுற ஆபரேஷன்) எடுக்கணும். ஒழுங்கா செஞ்சும் 2, 3 வாரத்துல அளவு நகரலன்னா சர்ஜனைப் பாருங்க. கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ, காய்ச்சலோட முட்டி சிவந்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி.

டர்ஃப்_டிரெய்னர்:
அக்கா, ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட்னா இன்னொரு எச்சரிக்கை. எடுத்த இடம் இன்னும் ஆறிட்டு இருக்கு. ஆபீஸ் சக்கர நாற்காலியில உக்காந்து குதிகாலால தரையை இழுத்து நகர்றது, ஒரு காலால இன்னொரு கால் ஷூவைக் கழட்டுறது, இதுலதான் தொடைக்குப் பின்னாடி 'பட்'னு பிடிச்சுக்கும். எடை மாட்டி ஹாம்ஸ்ட்ரிங் மடக்குற ஜிம் மெஷின் சர்ஜன் சொல்ற வரைக்கும் வேண்டாம். உக்காந்து காலை நீட்டுற மெஷினும் அப்படித்தான், தொடங்கும்போது 90-ல இருந்து 45 டிகிரி வரைக்கும் மட்டும்.

மாடிப்படியில ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதல்ல. கம்பு பிடிச்சா இடது கையில.

ஸ்கூட்டர் அடுத்த வாரம் வேண்டவே வேண்டாம். ஓட்டுறதை விட நிறுத்துறதுதான் ஆபத்து. சிக்னல்ல, பள்ளத்துல வண்டி சாயும்போது வலது கால் சட்டுனு ஊனி முட்டி திரும்பும். சென்டர் ஸ்டாண்ட் போடுறதும் அந்தக் காலாலதான். அதோட 6-ல இருந்து 12 வாரம் வரைக்கும் கிராஃப்ட் பலம் குறைஞ்ச காலம், உடம்பு அதுக்குப் புது ரத்த ஓட்டம் கொடுத்துட்டு இருக்கும். வலி குறைஞ்சிருக்கறதால கால் சரியாயிடுச்சுன்னு தோணும், அதை நம்பக் கூடாது. அல்சூர்ல இருந்து வைட்ஃபீல்டுக்கு மெட்ரோவோட பர்ப்பிள் லைன் நேரா போகுது, ஸ்டேஷன்ல லிஃப்ட் இருக்கு. நெரிசல் நேரத்தைத் தவிர்த்து உக்காந்து போகச் சொல்லுங்க.

திரும்ப ஃபுட்பால் ஆட 9 மாசமாவது ஆகணும். 2016-ல நார்வேயில வந்த ஆய்வுல, 9 மாசம் வரைக்கும் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாசத்துக்கும் மறுபடி காயம் படுறது ஏறக்குறைய பாதியா குறைஞ்சது. மாசம் மட்டும் போதாது. குவாட்ஸ் பலமும் ஒத்தைக்கால் தாவல் தூரமும் நல்ல காலோட 90 சதவீதத்தைத் தொடணும். நல்ல காலும் இத்தனை மாசத்துல இளைச்சிருக்கும், அதனால அதையும் சேர்த்துப் பயிற்சி கொடுங்க.

அல்சூர்_அக்கா:
தலையணையை எடுத்தாச்சு. குதிகால் அளந்ததுல 7 செ.மீ. வித்தியாசம். ஞாயிறு திரும்ப அளந்து இங்கயே போடறேன்.