ஒருபக்க வாதக் குழந்தைகளுக்கு உறை மாட்டிக் கைப்பயிற்சி: என் ஆய்வுத் திட்டத்தில் எங்கே ஓட்டை?

இளம்பிசியோ (கேள்வி)

வணக்கம். எம்.பி.டி. (பிசியோதெரபி முதுகலை) இரண்டாம் ஆண்டு ஆய்வுக்காக, பெருமூளை வாதத்தால் ஒரு பக்கக் கை மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளை எடுத்துக்கொள்கிறேன். நல்ல கைக்கு உறை மாட்டி, பாதித்த கையை வேலை செய்ய வைக்கும் சி.ஐ.எம்.டி. முறைதான் தலைப்பு.

வயது 3 முதல் 10. மொத்தம் 20 பேர், குழுவுக்குப் பத்து. முதல் குழுவுக்கு உறையுடன் தினம் 1 மணி நேரம், வாரம் 5 நாள், 3 வாரம், வீட்டிலேயே. இரண்டாம் குழுவுக்கு வழக்கமான ஸ்ட்ரெச்சிங், தினம் அரை மணி நேரம். அளவீடு க்வெஸ்ட் (கை அசைவின் தரத்துக்கான மதிப்பெண்), மாடிஃபைட் ஆஷ்வொர்த் (தசை இறுக்கத்துக்கானது). ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக முன்–பின் பேர்டு டி-டெஸ்ட் (அதே குழந்தைகளின் முன், பின் மதிப்பெண்களை ஒப்பிடும் கணக்கு).

20 பேர் போதுமா? உறையை எப்படித் தைப்பது? வீட்டில் அம்மாக்கள் எழுதித் தரும் நேரத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

அளவுகோல்

எண்ணிக்கைக்குப் போகும் முன் இரண்டு குழுக்களையும் மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம் 15 மணி நேரம், மறுபக்கம் ஏழரை. ஒன்றில் குழந்தை தானே கையை அசைக்கிறது, மற்றதில் பெரியவர் இழுத்துவிடுகிறார். முதல் குழு முன்னேறினால் அது உறையாலா, கூடுதல் நேரத்தாலா, குழந்தை தானே செய்ததாலா? இந்த அமைப்பில் மூன்றையும் பிரிக்க வழியே இல்லை.

சரி, இரண்டு குழுவுக்கும் ஒரே நேரம் கொடுத்து, இரண்டாவதில் இரு கைப் பயிற்சி வைக்கலாம் என்றால் வேறு சிக்கல். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 42 குழந்தைகளை வைத்து இதையே செய்து 2011-இல் வெளியிட்டார்கள். இரு குழுவுக்கும் 90 மணி நேரம். கைப் பயன்பாட்டு மதிப்பெண்ணில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேறின; குடும்பம் தேர்ந்தெடுத்த இலக்குகளில் இரு கைப் பயிற்சியே முந்தியது. 90 மணி நேரத்தில் பிரியாத வித்தியாசம் உங்கள் 15 மணி நேரத்தில் பிரியாது.

இப்போது எண்ணிக்கை. 80 சதவீத வாய்ப்புடன் நடுத்தர விளைவைப் (குழுக்களின் சராசரி வித்தியாசம் திட்ட விலக்கத்தில் 0.5 மடங்கு) பிடிக்கக் குழுவுக்கு 63 பேர் வேண்டும், பெரிய விளைவுக்கு (0.8) 25 பேர். குழுவுக்குப் பத்துப் பேரை வைத்துக்கொண்டால் 1.3 அளவு விளைவுதான் தெரியும். அவ்வளவு பெரிய வித்தியாசம் இந்தத் துறையில் அரிது. தொடக்க மதிப்பெண்ணைக் கோவேரியட்டாக வைத்து அன்கோவா (தொடக்க வித்தியாசத்தைக் கழித்துக் குழுக்களை ஒப்பிடும் கணக்கு) செய்தால் நிலைமை சற்று மேம்படும்: முன், பின் மதிப்பெண்களுக்கு இடையே 0.8 தொடர்பு இருந்தால் 63 என்பது 23 ஆகும். ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி டி-டெஸ்ட் மட்டும் வேண்டாம். ஒன்றில் பி மதிப்பு (0.05-க்குக் கீழே இருந்தால் குறிப்பிடத்தக்கது என்பார்கள்) 0.04, மற்றதில் 0.07 என்று வந்தால் அது குழுக்களுக்கு இடையே வித்தியாசம் உண்டு என்பதற்கு ஆதாரமே ஆகாது. ஆய்வேடுகளில் அதிகம் பார்க்கும் தவறு இது.

என் கருத்து: கேள்வியையே மாற்றுங்கள். இந்தப் பயிற்சி வேலை செய்யுமா என்பதற்கு உலகம் முழுக்கப் பதில் இருக்கிறது. ஒரு சாதாரண வீட்டில், வேலைக்குப் போகும் அம்மாவால் உண்மையில் எத்தனை மணி நேரம் தர முடிகிறது, எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்பதுதான் நம் ஊரில் தெரிய வேண்டியது. அதற்கு 20 குழந்தைகள் போதும். 20-இல் 14 குடும்பங்கள் திட்டமிட்ட நேரத்தில் 80 சதவீதத்தை முடித்தால், உண்மை விகிதம் 48 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையுடன் சொல்லலாம். அகலமான இடைவெளிதான், ஆனால் அடுத்த பெரிய ஆய்வைத் திட்டமிட உதவும்.

விரல்வேலை (ஆக்குபேஷனல் தெரபி)

உறை பற்றி. நல்ல பருத்தித் துணி, விரல்கள் தாராளமாக இருக்கும் அளவு. உள்ளங்கைப் பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றைத் தைத்துவிட்டால் விரல் மடங்காது, எதையும் பிடிக்க முடியாது. மணிக்கட்டைக் கட்டாதீர்கள்; விழப்போனால் குழந்தை அந்தக் கையை ஊன்ற வேண்டும். வெல்க்ரோவைப் பெரியவர் ஒரே இழுப்பில் கழற்ற முடிய வேண்டும். வெயில் காலத்தில் வியர்வையில் நனைந்துவிடும், ஒரு குழந்தைக்கு மூன்று உறையாவது தையுங்கள். கழற்றிய பின் 20 நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் அன்று நிறுத்த வேண்டும். படிக்கட்டு, சைக்கிள், தண்ணீர்த் தொட்டி அருகில் உறை கூடவே கூடாது. கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களையும், கடந்த 6 மாதத்தில் போடாக்ஸ் (தசை இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசி) போட்டவர்களையும் விலக்குங்கள்.

உறை வெறும் நினைவூட்டல்தான், சிகிச்சை அதில் இல்லை. பக்கவாதம் வந்த பெரியவருக்கு அது மறந்த கை. இந்தக் குழந்தைக்கு அது ஒருநாளும் பழகாத கை. நல்ல கையை மூடி உட்கார வைத்தால் அழுகைதான் மிஞ்சும். படிப்படியாகக் கற்றுத் தர வேண்டும். 5 செ.மீ. கட்டையைக் கிண்ணத்தில் போடுவதில் தொடங்கி, 10 தடவையில் 8 தடவை முடிந்ததும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: அளவைக் குறையுங்கள், அல்லது தூரத்தைக் கூட்டுங்கள், அல்லது கிண்ணத்தை உயரத்தில் வையுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது தடுக்கிறது என்று தெரியாது. பல்லாங்குழி அருமையான சாதனம்: அள்ளுதல், ஒவ்வொன்றாக விடுதல் இரண்டும் அதில் இருக்கின்றன. புளியங்கொட்டை அல்லது சோழி வையுங்கள். குன்றிமணி வேண்டவே வேண்டாம், விஷம். எதையும் வாயில் போடும் குழந்தைக்குச் சிறிய பொருள் எதுவும் தரக்கூடாது.

சாப்பாட்டு நேரத்தைப் பயிற்சியாக்கும் யோசனை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பாதித்தது வலக்கை என்றால் அம்மாக்கள் ஆர்வமாகச் செய்வார்கள். இடக்கை என்றால், அந்தக் கையால் சோறு அள்ள வீட்டில் யாரும் விடமாட்டார்கள், அந்த மணி நேரம் நடக்கவே நடக்காது. இடக்கைக் குழந்தைகளுக்கு டப்பா மூடி திறப்பது, துணிக் கிளிப் மாட்டுவது, பட்டாணி உரிப்பது என்று தனிப் பட்டியல் தயாரியுங்கள். எந்தப் பக்கம் பாதிப்பு என்பதையும் கட்டாயம் பதிவு செய்யுங்கள். நேரம் குறைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இளம்பிசியோ

மிக்க நன்றி. கேள்வியை மாற்றலாம் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் வழிகாட்டி, கைத்திறன் மதிப்பெண்ணும் இருந்தே ஆக வேண்டும் என்கிறார். க்வெஸ்ட் போதுமா? 15 மணி நேரம் குறைவா?

அளவுகோல்

க்வெஸ்ட் 18 மாதம் முதல் 8 வயது வரைக்குத்தான். உங்கள் 9, 10 வயதுக் குழந்தைகள் வெளியே நிற்பார்கள். குழந்தை கைகளால் பொருளை எவ்வளவு கையாள்கிறது என்று வகைப்படுத்தும் மாக்ஸ் நிலையும் 4 வயதிலிருந்துதான். அதற்குக் கீழே மினி-மாக்ஸ். ஆகவே 4 முதல் 8 வயது என்று சுருக்கிவிடுங்கள், இரண்டு தலைவலியும் தீரும். ஏ.ஹெச்.ஏ. அளவீடு இன்னும் நல்லது, இரு கை வேலையில் பாதித்த கை எவ்வளவு உதவுகிறது என்று நேரடியாகப் பார்க்கிறது. 100-க்கு 5 அலகு மாறினால்தான் உண்மை மாற்றம். ஆனால் சான்றிதழ் பெற்ற மதிப்பீட்டாளரும் அதற்கென்றே உள்ள பொம்மைப் பெட்டியும் வேண்டும். ஆஷ்வொர்த்தை எடுத்துவிடுங்கள், அது இறுக்கத்தைப் பார்க்கிறது, இந்தப் பயிற்சியின் நோக்கம் அதுவல்ல.

நேரத்தைப் பொறுத்தவரை, 2020-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி குறிப்பிட்ட இலக்குக்கு (சட்டைப் பொத்தான் போடுவது மாதிரி) 14 முதல் 25 மணி நேரம், பொதுவான கைத்திறனுக்கு 30 முதல் 40 மணி நேரம் தேவை. நீங்கள் 15 மணி நேரத்தை வைத்துக்கொண்டு பொதுவான திறனை அளக்கிறீர்கள். ஒன்று, 6 வாரமாக்கி 30 மணி நேரத்தைத் தொடுங்கள். இல்லையேல் குடும்பத்தோடு பேசி இரண்டு இலக்குகளைத் தேர்ந்து, சி.ஓ.பி.எம். (தேர்ந்த இலக்குகளில் செயல்பாட்டுக்கும் திருப்திக்கும் குடும்பமே மதிப்பெண் தரும் அளவீடு) மூலம் அவற்றை மட்டும் அளவிடுங்கள். வீட்டுப் பயிற்சிக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

மதிப்பெண் போடுபவர் பயிற்சி கொடுத்தவராக இருக்கக்கூடாது. வீடியோ எடுத்து, முன் பின் என்று தெரியாதபடி எண்ணிட்டுக் கலந்து வேறொருவரிடம் கொடுங்கள். இரண்டு நாளும் ஒரே மேலங்கி போட்டு எடுத்தால், உடையை வைத்து எந்த நாள் என்று கண்டுபிடிக்க முடியாது.

வாசற்படி

நேரப் பதிவு பற்றி. வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் எண்ணிக்கை கூடித்தான் வரும். 15 நிமிடக் கட்டங்கள் போட்ட ஒரு பக்கத் தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், முடிந்த உடனே டிக். வாரம் இரண்டு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், பயிற்சியின் 5 நிமிட வீடியோ கேளுங்கள். தாளில் டிக் இருந்து வீடியோ வராத நாட்களைத் தனியாக எண்ணி அறிக்கையில் போடுங்கள். செய்யாத நாளுக்குக் காரணம் எழுத ஒரு வரி இடம் விடுங்கள். விருந்தாளி, பஸ் தாமதம், குழந்தைக்குச் சளி, அதில் வருவதுதான் உங்கள் ஆய்வின் மையம். திட்டாமல் கேட்டால் உண்மையை எழுதுவார்கள்.

ஒழுங்குமுறை: முதலில் எதிக்ஸ் கமிட்டி அனுமதி, பிறகு சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு, அதன் பிறகே முதல் குழந்தையைச் சேர்ப்பது. 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதிப் பதிவை அவர்கள் ஏற்பதில்லை. பெற்றோர் ஒப்புதலோடு, ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதலின்படி 7 வயதும் அதற்கு மேலும் உள்ள குழந்தையிடம் வாய்மொழிச் சம்மதமும் வாங்க வேண்டும். வீடியோவுக்குத் தனி ஒப்புதல் படிவம், தமிழில். பயிற்சி நடுவே குழந்தை உறையைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிட வேண்டும் என்பதையும் அந்தப் படிவத்திலேயே எழுதுங்கள்.