பிள்ளை சேணத்தில், பெற்றோர் வேலியோரம்

பிள்ளை குதிரை மேல் ஏறி உட்கார்ந்ததும் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்தப் பயத்துக்கு வேலை கொடுக்க வேண்டியது ஏறுவதற்கு முன்னால். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் நேராக உட்கார வேண்டும். தாடை வாரை மாட்டாமல் தலையை ஆட்டச் சொல்லுங்கள். நழுவினால் அளவு பெரிது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது. உள்ளே நுரை நசுங்கியிருப்பது வெளியே தெரியாது.

காலணிக்குச் சிறு குதிகால் கட்டாயம். தட்டையான ஷூ, கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் முழுசாக நுழைந்துவிடும். விழும்போது கால் மாட்டிக்கொண்டால் குதிரை பிள்ளையை இழுத்துக்கொண்டே ஓடும். வெறுமனே விழுவதைவிட அதுதான் ஆபத்து. அங்கவடி ஷூவைவிட ஏறக்குறைய 2.5 செ.மீ. அகலம் இருந்தால் போதும். பெரியவர்களுடையதை மாட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சேணத்தைப் பிடித்திருக்கும் வயிற்று வாரை முதலில் இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். நாலு எட்டு நடந்த பிறகு வார் தளரும், சேணம் ஒரு பக்கமாகச் சரியும். ஏறும் முன் இன்னொரு முறை இறுக்கினார்களா என்று பயிற்சியாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.

•

மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகு வாயைக் கட்டுவதுதான் கஷ்டம். "பார்த்துப் போ கண்ணு!" என்று கத்தினால் பிள்ளை நம்மைத் திரும்பிப் பார்க்கும். தலையோடு தோளும் திரும்பும், இடுப்பின் பாரம் ஒரு பக்கம் சாயும், குதிரையும் அந்தப் பக்கம் வளையும். பயந்த பிள்ளை முன்னால் குனிந்து குதிகாலால் விலாவை இறுக்கும். குதிரைக்கு அது 'வேகமாகப் போ' என்ற சொல். பயிற்சியாளர் "மூச்சை விடு, நிமிர்ந்து உட்கார்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

நாம் பதறுவதில் பாதி, பார்த்ததைத் தப்பாகப் புரிந்துகொள்வதால். குதிரை புர்ர்ரென்று மூக்கால் ஊதினால் பெரும்பாலும் உடம்பு தளர்ந்துவிட்டது என்று பொருள். துள்ளுநடையில் பிள்ளை சேணத்தைவிட்டு எழும்பி எழும்பி உட்காருவது தூக்கியெறியப்படுவதுபோல் தெரியும். அது கற்றுக்கொடுத்த அசைவு. இரண்டு காதும் பின்னால் ஒட்டிப் படிந்து, வால் விடாமல் சுழன்றால் கவனியுங்கள். பயிற்சியாளரிடம் மெதுவான குரலில் சொல்லுங்கள்.

வேலியோரம் குடையை விரிக்காதீர்கள், பிளாஸ்டிக் பையைச் சரசரக்க விடாதீர்கள். குதிரையின் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. ஓரத்தில் திடீரென்று அசைவதெல்லாம் அதற்கு மிரட்டல்.

•

விழுந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். மைதானத்துக்குள் ஓடாதீர்கள். மிரண்ட குதிரை இன்னும் மிரளும், மற்றப் பிள்ளைகளின் குதிரைகளும் கிளம்பிவிடும். முதலில் பயிற்சியாளர் எல்லாரையும் நிறுத்தட்டும், பிறகு அவர் கூப்பிட்டதும் போங்கள். கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். கழுத்து வலிக்கிறதா, கை கால் விரலை அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். கழுத்து வலி, மரத்துப்போதல் இருந்தால் அப்படியே கிடக்க விட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தலையில் அடிபட்டிருந்தால், "பயம் போகட்டும், உடனே ஏற்றிவிடுங்கள்" என்று யார் சொன்னாலும் அன்றைக்கு ஏற்றக்கூடாது. அடுத்த 48 மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கேட்டதையே திரும்பக் கேட்பது, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.